பத்துக் காசின் உரிமை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாவட்ட மைய நூலகத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாய். அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூட எடுப்பதில்லை. பையில் கொண்டுபோன புத்தகத்தைப் படிக்க அரசாங்கத்தின் மேசையையும் மின்விசிறியையும் பயன்படுத்துவது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். உன் தோழியோ, எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறபோது நூலகத்துக்கும் மியூசியத்துக்கும் ஏன் செலவழிக்க வேண்டும், அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே என்கிறாள். இந்த இடங்கள் யாருடையவை என்று தெரிந்தால் இரண்டு கேள்விக்கும் வழி கிடைத்துவிடும்.

அப்பாவிடம் வீட்டுவரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பார். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகை வழியாக இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நூலக வரி என்ற ஏற்பாட்டைச் செய்தது 1948ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். சட்டத்துக்குப் பின்னே இருந்த சிந்தனை எஸ்.ஆர். ரங்கநாதனுடையது.

ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். புத்தகத்தைப் பூட்டிக் காப்பதுதான் நூலகரின் கடமை என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. புத்தகம் இருப்பதே பயன்படுவதற்காகத்தான், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டிய உயிர் என்ற கருத்துகளை அவர் 1931இல் ஐந்து விதிகளாக வகுத்தார். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகும் நூலகம் தொடங்கியது. படிக்க விரும்புகிறவரைத் தேடி நூலகம் போக வேண்டும் என்ற எண்ணம் இங்கே அவ்வளவு பழையது. ஆனால் நல்லவர் ஒருவரின் நன்கொடையை நம்பி இருந்தால் அவர் காலத்துக்குப் பிறகு நூலகம் மூடிப்போகும். வரியாக வந்தால் அது மக்களின் உரிமையாகிவிடும். பண்பாட்டுக் கொள்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீ தயங்க வேண்டாம். உன் நாற்காலிக்கு உன் வீட்டார் பணம் கட்டியிருக்கிறார்கள். கோச்சிங் சென்டருக்குக் கட்ட வழியில்லாதவர்கள், இரண்டு அறை வீட்டில் டிவி சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாதவர்கள் உன்னோடு அங்கே இருக்கிறார்கள். இன்னொன்றையும் எண்ணிப் பார். ஒரு காப்பிகூட வாங்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், ஒரு பெண் நாள் முழுக்க உட்காரக்கூடிய பொது இடம் நம் ஊர்களில் வேறு எத்தனை இருக்கிறது? அந்த ஒரு காரணத்துக்காகவே நூலகம் இருக்க வேண்டும் என்பேன்.

ஆனால் இதில் ஒரு கவலையும் உண்டு. தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லா மேசையையும் நிரப்பிவிட்டால், சாயங்காலம் கதைப் புத்தகம் தேடி வருகிற சிறுவன் வாசலோடு திரும்பிவிடுவான். நாளிதழ் படிக்க வரும் பெரியவருக்கு இடம் இருக்காது. வருகைப் பதிவேட்டில் கூட்டம் தெரியும். புத்தகம் வழங்கும் பதிவேடோ வெறுமையாகக் கிடக்கும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிப்போருக்குத் தனிப் பகுதி உண்டு. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, பார்வையற்றோருக்குப் பிரெயில் பகுதி என்று ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாவட்டத்திலும் கிளை நூலகத்திலும் அதே அளவுக்கு முடியாவிட்டாலும், அதே எண்ணத்தோடு இடத்தைப் பிரிக்க முடியும். அதற்கு ஆள் வேண்டும். பயிற்சி பெற்ற நூலகர் இல்லாத நூலகம் விளக்கு எரியும் கூடம் மட்டுமே. காலமுறை ஊதியம் கேட்டு ஊர்ப்புற நூலகர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. கட்டடத்துக்குக் கிடைக்கிற கவனம் அதற்குள் வேலை செய்கிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

உன் தோழியின் கேள்விக்கு அந்த அண்ணா நூலகத்தின் கதையே பதில். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அடுத்த ஆண்டே அரசு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைத்தது. மருத்துவமனை வேண்டாம் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. நோய்க்கு ஓர் இடமும் அறிவுக்கு ஓர் இடமும் தனித்தனியே வேண்டும். ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைக் கொடுப்பது மக்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. 2023 ஜூலையில் மதுரையிலும் ஒரு பெரிய நூலகம் திறக்கப்பட்டது. ஆட்சி மாறும்போது இத்தகைய இடங்களின் தலையெழுத்தும் மாறிவிடாமல் இருக்க, வாசகர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது என்பதையும் பார்ப்போம். அங்கே ஒரு பழைய தமிழ்ப் புத்தகம் கிடைக்கிறது என்றால், யாரோ அதைச் சேர்த்து, செல்லரிக்காமல் காத்து, பட்டியலிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்திருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. அவற்றை எந்தக் கைப்பேசியில் தேடுவது? 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஏற்றிவருவது அந்த இழப்பின் அளவை உணர்ந்ததால்தான்.

மியூசியத்துக்கு வருவோம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. பூமிக்கடியில் கிடைத்த செப்புத் திருமேனிகள் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தன. அதனால் அழியாமல் நின்றன. அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எந்த ஊர் மண் அவற்றைக் காத்து வைத்திருந்ததோ அந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்குள் ஒரு சிறு அட்டை, அதில் பெயர், ஊர், நூற்றாண்டு. பார்க்க வந்தவர் கேள்வி கேட்க வழியில்லாமல் நகர்ந்து போனார்.

கீழடி அகழாய்வு இதை மாற்றிக் காட்டியது. அங்கே கிடைத்த பொருள்களை மைசூருக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. 2023 மார்ச்சில் அகழாய்வுத் தலத்துக்கு அருகிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே ராஜாக்களைத் தேடாதே. நூல் நூற்ற தக்களி, விளையாடிய பகடை, கோத்த மணி, பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’ போன்ற பெயர்கள் என எல்லாம் சாதாரண மனிதரின் வாழ்க்கை. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பாட்டி வீட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள்.

ஆனால் பெருமை மட்டும் போதாது, மகளே. கீழடிக்குக் கி.மு. 580 என்று ஒரு காலம் சொல்கிறோம். மண்ணடுக்கில் கிடைத்த கரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கணித்த முடிவு அது. அந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது, அறிஞர்கள் எதில் வேறுபடுகிறார்கள் என்பதையும் அருங்காட்சியகம் எளிய தமிழில் சொல்ல வேண்டும். கைதட்ட மட்டும் பழக்குகிற அருங்காட்சியகம் பாதி வேலைதான் செய்கிறது. சான்றைப் பார்த்து எடைபோடப் பழக்குவதே அதன் இன்றைய பொறுப்பு.

இனி நீ செய்ய வேண்டியவை. முதலில் உறுப்பினர் அட்டை எடு. வாரம் ஒரு புத்தகம், தேர்வுக்குச் சம்பந்தமில்லாதது, உன் பெயரில் பதிவாகட்டும். அந்தப் பதிவுதான் அடுத்த ஆண்டு புத்தகம் கேட்க நூலகருக்குக் கையில் இருக்கும் ஆதாரம். நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர். குழந்தைகளுக்கு ஒரு மேசை ஒதுக்கும்படி நீயே எழுந்து கேள். உங்கள் நகராட்சி எவ்வளவு நூலக வரி வசூலித்தது, அதில் எவ்வளவை நூலக ஆணைக் குழுவுக்குக் கொடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடு. அரசுப் பணிக்குப் படிக்கிற உனக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நாளை நீயே ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பில் கையெழுத்திடும் இடத்தில் இருப்பாய். நூலகத்துக்குப் போக வேண்டிய பணம் அன்று உன் மேசைக்கு வரும். அதை ஒரு நாளும் தாமதிக்காமல் அனுப்பிவை.

அன்புடன்,
உன் சித்தப்பா