கை கற்ற கல்வி

நுழையும்முன்

பள்ளிப் படிவம் ஒன்றில் 'தந்தையின் தொழில்' என்னும் கட்டத்தை ஒரு மாணவன் நிரப்பாமல் விட்டிருந்தான். காரணம் கேட்டபோது, "அப்பா தாராவியில் தோல்பை தைக்கிறார், ஐயா. அதை எழுதலாமா?" என்று தயங்கினான். கையால் செய்யும் வேலை அறிவில் குறைந்தது என்னும் எண்ணமே அத்தயக்கத்தின் வேர். அவ்வெண்ணம் சரிதானா என்று இப்பாடத்தில் ஆராய்வோம்.

கழற்றிப் பூட்டிய இளைஞர்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று பிறந்தவர் கோ. துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றே தமிழகம் அவரை அறியும். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒட்டவில்லை. அது தொடக்க நிலையிலேயே நின்றுபோயிற்று. ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் வண்டி ஓடும் விந்தை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதை ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், பாகம் பாகமாகக் கழற்றினார்; மீண்டும் பூட்டினார்.

கழற்றுவது எவர்க்கும் எளிது, பூட்டுவதே அரிது. ஒவ்வோர் உறுப்பும் எதனோடு இணைகிறது, எது முதலில், எது பின்னர் என்னும் ஒழுங்கு தெரிந்தால்தான் வண்டி மீண்டும் ஓடும். ஒரு திருகாணி மிஞ்சினாலும் அறிவில் எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது என்று பொருள். இதைவிடக் கண்டிப்பான தேர்வு வேறில்லை.

தோல்வியும் தொடக்கமும்

முதல் உலகப்போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழில் நடத்திப் பொருள் ஈட்டிய நாயுடு, பஞ்சு வணிகத்தில் இறங்க நம் பம்பாய்க்கு வந்தார். இங்கிருந்த பெருவணிகர்களோடு போட்டியிட இயலவில்லை. பொருளை இழந்து ஊர் திரும்பினார். ஆயினும் அவர் கை கற்ற இயந்திர அறிவை எவராலும் பறிக்க இயலவில்லை. கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துணையோடு ஒரு பேருந்தை வாங்கி, 1920 ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார்.

பேருந்து நடத்துவோர்க்கு வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. பழுது பார்க்க வேண்டும். நேரம் தவறாதிருக்க வேண்டும். வரவு செலவு எழுத வேண்டும். பயணிகளிடம் இனிமையாகப் பேச வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்ததே தொழில்திறன். அந்த ஒற்றைப் பேருந்து பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

பள்ளி வேண்டாமா?

'அப்படியானால் பள்ளிக்கு வராமலே முன்னேறலாமே!' என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். அது தவறான முடிவு. பள்ளியை விட்ட நாயுடு நூல்களை விட்டாரில்லை. தாமே படித்துக் கற்றார். பிறர்க்கும் தொழிற்கல்வி கிடைக்க வேண்டும் என்று உழைத்தார். 1945 ஆம் ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்ற அவர் காரணமாயிருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்காண்டுகள் மிகுதி, இரண்டாண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்காமையால் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஆண்டுக் கணக்கில் நாம் அவரோடு மாறுபடலாம். பாலத்தின் பளுவைக் கணக்கிடவும் மருந்தின் அளவை வரையறுக்கவும் நெடுநாள் பயிற்சி தேவை. ஆனால், அவர் எழுப்பிய வினா இன்றும் நம்முன் நிற்கிறது: படித்த ஆண்டுகளில் நம் கை என்ன கற்றது?

நம் அருகிலேயே ஒரு பயிற்சிக்கூடம்

செம்பூரில் ரயிலேறிக் குர்லாவில் மாறினால் அடுத்த நிலையம் சயான்; அதன் அருகில் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தமிழகத்துத் தோல் பதனிடுவோர் அங்குக் குடியேறினர். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் மண்பாண்டம் வனைகின்றனர்.

அங்கே தோல் வெட்டுபவர் ஒருவரின் வேலையைக் கூர்ந்து நோக்குங்கள். ஒரு தோலைப் போல் மற்றொரு தோல் இராது. ஓரங்கள் நேராக இரா; நடுவே தழும்புகள் இருக்கும். முதுகுப் பகுதி உறுதியானது. வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். பையின் முகப்புக்குக் குறையற்ற பகுதியையும், உள்மடிப்புக்குத் தழும்புள்ள பகுதியையும் தேர்ந்து, கழிவு குறையுமாறு அச்சுகளை அடுக்கி அவர் வெட்டுகிறார். நீங்கள் ஏட்டில் பயிலும் பரப்பளவும் வடிவியலும் அவர் விரல்நுனியில் இருக்கின்றன. வெட்டியபின் அழித்து எழுத அவருக்கு வாய்ப்பில்லை.

திறன் வளர்க்கும் வழி

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் மாணவர் பயில வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. அந்நாள்களை வேடிக்கை பார்த்துக் கழிக்காமல், பின்வருவனவற்றைப் பழகுக.

1. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை உற்றுநோக்கி, படிப்படியாக எழுதுக.
2. மிதிவண்டிச் சங்கிலி மாட்டுதல், பொத்தான் தைத்தல் போன்ற ஒரு சிறு வேலையைப் பெரியோர் துணையுடன் முழுமையாகச் செய்க.
3. அதற்கான பொருள், நேரம், செலவு ஆகியவற்றைக் கணக்கிடுக.
4. எங்குப் பிழைத்தது என்பதை மறையாமல் குறித்துவைத்து, மறுமுறை திருத்துக.
5. தெரிந்தவரிடம் பணிவோடு கேட்டு அறிக. உங்கள் வீட்டிலேயே அத்தகையோர் இருக்கலாம்.

நீங்கள் மருத்துவர் ஆயினும் கணினிப் பொறியாளர் ஆயினும், தொடங்கியதை முடிக்கும் பழக்கமும் பிழையைத் தேடித் திருத்தும் பொறுமையும் உடன்வரும்.

அம்மாணவன் மறுநாள் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தான். 'தோல்பை தைப்பவர்' என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

பயிற்சிகள்

அ. பொருள் அறிக
பதனிடுதல் – கெடாதவாறு பக்குவப்படுத்துதல்
வனைதல் – மண்ணால் பாண்டம் செய்தல்
பளு – சுமை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. 'கழற்றுவது எளிது; பூட்டுவதே அரிது' – ஏன்?
2. பம்பாயில் பொருளை இழந்தபோதும் நாயுடுவிடம் எஞ்சியிருந்தது எது?

இ. சிந்தித்து விடை எழுதுக
1. ஒரு பைக்கு 4 சதுர அடித் தோல் வேண்டும். 20 சதுர அடித் தோலில் ஐந்து பைகள் கிடைக்கும் என்று உறுதியாகக் கூற முடியுமா? காரணம் தருக.
2. பொறியியல் படிப்புக்கு இரண்டாண்டுகள் போதும் என்னும் கருத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? ஒரு பத்தியில் எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் குடும்பத்தில் அல்லது தெருவில் கைத்தொழில் செய்யும் ஒருவரிடம், அவர் அவ்வேலையைக் கற்ற விதத்தையும் முதலில் செய்த பிழையையும் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதுக. எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுக.