தாள் விண்மீன்

கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்குங்கால் நம்மவர் வீட்டு முகப்பில் விண்மீன் விளக்கைத் தொங்கவிடுதல் யாவரும் அறிந்த வழக்கம். கீழ்த்திசை ஞானியர்க்கு வழிகாட்டியதென மத்தேயு சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரம் கூறும் விண்மீனே இதற்கு மூலமாம். இக்காலத்தே கடைகளில் பிளாஸ்டிக் விண்மீன்கள் மலிந்துவிட்டன. எம் பாட்டியார் இல்லம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை அடுத்துள்ளது. அங்கு ஜனவரித் திங்களில் அவ்விண்மீன்கள் கிழிந்து மணலிற் புதைந்து கிடக்கக் கண்டதே என்னைத் தாளின்பால் திருப்பிற்று.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு யான் செய்த விண்மீனுள், பழைய முறையின்மேல் கொண்ட ஆசையால், மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடற்காற்று ஒரு முறை வீசிற்று, தாள் பற்றிக்கொண்டது, அதன் மேலிருந்தது தென்னங்கீற்றுக் கூரை. பாட்டியார் குடத்து நீரை வீசி அணைத்திராவிடின் வீடே போயிருக்கும். கருகிய கீற்று இரண்டை அவர் இன்னும் மாற்றவில்லை. யான் பார்க்கட்டும் என்றே விட்டிருக்கிறார் போலும். ஆகவே சுடரை அறவே நீக்குக. சூடு மிகாத ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கே போதும்.

இனிச் செய்முறை. 30 அங்குல நீளமுள்ள மூங்கிற் பிளாச்சுகள் 10 வேண்டும். பச்சை மூங்கில் காயுங்கால் சுருங்கிக் கட்டு நெகிழும். முற்றக் காய்ந்ததோ வளைக்கையில் முறியும். இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்ந்ததே நன்று. ஒவ்வொன்றிலும் இரு முனையினின்றும் 11½ அங்குலத்தில் கரியால் குறியிடுக. நடுவே 7 அங்குலம் எஞ்சும். ஐந்து பிளாச்சுகளை, ஒன்றன் மேலும் மற்றொன்றன் கீழுமாகப் பின்னி, குறியோடு குறி பொருந்த வைத்தால் ஐம்முனை விண்மீன் தானே அமையும். முனைகள் ஐந்தையும் உட்சந்திகள் ஐந்தையும் பருத்தி நூலால் இறுகக் கட்டுக. கண்ணளவாக வைத்தால் ஒரு கை நீண்டு ஒரு கை குறுகும். யான் மும்முறை அவிழ்த்துக் கட்டியபின்பே குறியிடக் கற்றேன். கணித மாணவர் இங்கே பொன் விகிதத்தைக் காணலாம்: 30க்கும் 18½க்கும் உள்ள விகிதமே ஏறக்குறைய 18½க்கும் 11½க்கும் உள்ளது. ஜெர்மனி நாட்டு நீஸ்கி நகரில் மொரேவியச் சபையாரின் பள்ளியில் 1830ஆம் ஆண்டுகளில் பல்முனைத் தாள் விண்மீன் பிறந்ததும் கணிதப் பாடத்திலேதான் என்ப.

இவ்வாறே இரண்டாஞ் சட்டமும் கட்டி, ஒன்றன் மேலொன்று வைத்து, ஐந்து முனைகளைச் சேர்த்துப் பிணைக்க. பின்னர் உட்சந்தி ஒவ்வொன்றிலும் 6 அங்குலக் குச்சியை முட்டுக்கொடுத்து இரு சட்டங்களையும் விரிக்க. தட்டையாய்க் கிடந்தது உடனே புடைத்தெழும். இதுவே இத்தொழிலில் எனக்கு மிக உவப்பான கணம்.

ஒட்டுதற்குப் பட்டத்தாள் ஏற்றது. மெலிதாதலின் ஒளி ஊடுருவும். முன்னும் பின்னும் முக்கோணம் 10, பக்கங்களில் ஒடுங்கிய முக்கோணம் 10, நடுவே ஐங்கோணம் 2, ஆக 22 துண்டுகள். ஓரத்தில் அரை அங்குலம் மிகுதியாக நறுக்கிப் பிளாச்சைச் சுற்றி மடித்து ஒட்டுக. மைதாப் பசையில் சிறிது துரிசு கலந்தால் பூச்சி அரிக்காது. ஆயின் அது நஞ்சு, சிறுவர் கையில் கொடுக்கலாகாது. பின்புறத்து ஐங்கோணத்தை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டுக. விளக்கை உள்ளே வைக்க அதுவே கதவு.

கடற்கரையார்க்கு ஒரு வார்த்தை. கீழிரு முனைகளுக்கு இடையேயுள்ள பக்கத் துண்டுகள் இரண்டையும் ஒட்டாது விடுக. காற்று உட்புகுந்து வெளியேற வழியின்றேல் தாள் ஓரிரவில் கிழியும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் முற்றும் ஓய்ந்திராது. ஆதலின் திண்ணைக்கு உள்ளடங்கவே தொங்கவிடுக.

கி.பி. 8ஆம் நூற்றாண்டின் கடற்கரைக் கோயில் நிற்கும் ஊரில், உளியோசை ஓயாத தெருக்களின் அருகே, பத்துப் பன்னிரண்டு நாளே நிற்கும் தாளுக்கு இத்துணைப் பாடா என்று நண்பரொருவர் நகைத்தார். ஜனவரி 6ஆம் நாள் இறக்கியபின் தாளை நனைத்து உரித்துவிட்டுச் சட்டத்தை அடுப்படிப் பரணில் வைத்தேன். புகைபட்ட மூங்கிலைப் பூச்சி எளிதில் அண்டாது. அடுத்த திருநாளுக்குப் புதுத்தாளும் பசையுமே வேண்டும்.