எம்.எஸ்.டபிள்யூ. படிப்பும் நம் வீட்டுக்கு வரும் கேள்வித்தாளும்



நாம் கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து, கையில் கேள்வித்தாளோடு ஒரு கல்லூரி மாணவி வந்து நிற்பது நம் பகுதியில் புதிதல்ல. “இது எதுக்குங்க? லோன் ஏதாச்சும் வருங்களா?” என்பதுதான் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி. லோன் வராது. ஆனால் அந்தக் கேள்வித்தாள் எங்கிருந்து வருகிறது, நாம் சொல்லும் பதில் எங்கே போகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிகிரி படிக்கும் மகள் இருக்கும் வீட்டில் இன்னும் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

இது என்ன படிப்பு?

எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணியில் முதுகலைப் பட்டம். இரண்டு வருடம். பொதுவாக எந்தப் பாடத்தில் டிகிரி முடித்திருந்தாலும் சேரலாம். இந்தியாவில் இதற்கென முதல் கல்விக்கூடத்தை 1936-ல் மும்பையில் டாடா அறக்கட்டளை தொடங்கியது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப்பணிக் கல்லூரி ஒன்றை ஆரம்பித்தார். நமக்குப் பக்கத்தில் கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கலாம். தேர்வைத் தமிழில் எழுத முடியுமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிக்கும்போதுதான். முதுகலைக்கு அது கிடையாது. அதை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு நடுவில் படிப்பை நிறுத்தும்படி ஆகிவிடக் கூடாது. கல்விக் கடன், உதவித்தொகை எல்லாவற்றையும் முதலிலேயே விசாரியுங்கள்.

படித்தால் என்ன வேலை? தொண்டு நிறுவனம், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், கம்பெனிகளின் மனிதவளப் பிரிவு. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ம் வருடத்து தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஆலைகளில் இந்தப் படிப்புக்கு ஒரு வாசல் திறந்தது அப்படித்தான்.

ஆராய்ச்சி என்றால் என்ன?

எம்.எஸ்.டபிள்யூ.வில் வகுப்போடு களப்பணியும் கட்டாயம். வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே வரவேண்டும். முடிக்கும் முன் ஒரு ஆராய்ச்சி அறிக்கையும் எழுதவேண்டும். நம் வீட்டுக்கு வரும் கேள்வித்தாள் பெரும்பாலும் அதற்குத்தான்.

இதனால் யாருக்கு லாபம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில், ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில், 1889-ல் ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்ணும் அவர் தோழியும் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். அங்கே வந்து தங்கிய பிளாரன்ஸ் கெல்லி, வீடுகளுக்குள்ளேயே துணி தைத்துக் கொடுத்த குடும்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். எத்தனை மணி நேரம், என்ன கூலி, குழந்தைகள் தைக்கிறார்களா என்று. 1893-ல் அந்த மாநிலத்தில் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. கெல்லியே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1895-ல் எட்டு மணி நேரப் பிரிவு ரத்தானது. அதே வருடம் ஹல் ஹவுஸ்காரர்கள், எந்த வீட்டில் வாரக் கூலி எவ்வளவு என்று கலர் கலராகக் காட்டும் வரைபடம் வெளியிட்டார்கள். நம் ஊரில் கோலப்பொடியால் தரையில் போடுகிறோமே சமூக வரைபடம், கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

நம் ஊருக்குப் பொருந்தாத கேள்விகள்

“மாத வருமானம் எவ்வளவு?” என்று தாளில் இருக்கும். நமக்கு சனிக்கிழமைதானே சம்பளம்! அதுவும் ஷிப்ட் கணக்கு. “தினமும் எத்தனை மணி நேரம் வேலை?” என்று கேட்டால் “ஒரு ஷிப்ட்டுங்க” என்போம். ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாள் அதில் வராமலே போய்விடும். கேட்பவருக்குப் புரியவில்லை என்றால் நாமே எடுத்துச் சொல்லவேண்டும். “சீசன்ல ராத்திரி வரைக்கும், ஆர்டர் இல்லாதப்ப வாரத்துல மூணு நாள்தான்” என்று சொன்னால்தான் அது உண்மைக் கணக்கு.

இன்னொன்று. “என்ன வேலை பார்க்கறீங்க?” என்றதும் பல அக்காக்கள் “சும்மா வீட்லதான் இருக்கேன்” என்கிறார்கள். மடியில் பனியன் கட்டு, கையில் கத்தரி, பிசிறு வெட்டிக்கொண்டே! அந்தத் தாளில் அவர் ‘இல்லத்தரசி’ ஆகிவிடுகிறார். வீட்டில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கை இப்படித்தான் காகிதத்தில் குறைகிறது. எண்ணிக்கையில் வராதவர்களுக்கு திட்டமும் வராது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆராய்ச்சியில் இதற்கு மாதிரித் தேர்வு என்று பெயர். பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் பதம் தெரியும். மேலாக எடுத்தால் அடியில் பிடித்தது தெரியாது. சுயஉதவிக் குழு பற்றி ஆராய வரும் மாணவர்களை நல்லாய் நடக்கும் குழுவுக்கே எல்லோரும் கூட்டிப் போகிறோம். ‘குழுவால் பெண்கள் முன்னேற்றம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். உடைந்துபோன குழு, தவணை கட்ட முடியாமல் விலகிய பெண், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் இருக்கும் பெண், இவர்களை யார் கேட்டது? என் கருத்து, இனி வருகிறவர்களை முதலில் அங்கே கூட்டிப் போகலாம்.

கேட்க நமக்கும் உரிமை உண்டு

கல்லூரி அடையாள அட்டை, கல்லூரிக் கடிதம் இரண்டையும் பாருங்கள். எதற்காக ஆய்வு என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் இருக்கவும், பாதியில் நிறுத்தவும் நமக்கு உரிமை உண்டு. சொல்வதற்கு முன் நம் சம்மதம் வாங்குவது ஆராய்ச்சியின் ஒழுக்கம், சலுகை இல்லை. கம்பெனி நிலவரம் சொல்லும்போது பெயர் எழுதவேண்டாம் என்று கேட்கலாம். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது பதில் சொல்லாதீங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆதார் நகல், பாஸ்புக், போனில் வரும் ஓ.டி.பி. எண் எந்தப் படிப்புக்கும் தேவையில்லை. கேட்டால் அது ஆராய்ச்சியே அல்ல.

முக்கியமாக, முடிவைத் திரும்ப வந்து சொல்லச் சொல்லுங்கள். அறிக்கை கல்லூரி அலமாரியில் இருக்கும், நமக்கு ஒரு பக்கம்கூட வராது. தமிழில் இரண்டு பக்கம் எழுதி குழுக் கூட்டத்தில் வாசித்தால் போதும் என்று முன்கூட்டியே பேசி, தீர்மான நோட்டில் எழுதி மாணவியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசவேண்டியது: நம் குழுவில் வீட்டில் பீஸ் ரேட் வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? ஒரு கட்டுக்கு என்ன கூலி, ஒரு கட்டு முடிக்க எவ்வளவு நேரம்? ஒரு வாரம் எழுதி வையுங்கள். டிகிரி முடித்த பெண் குழுவில் இருந்தால் கணக்கை அவரையே தொகுக்கச் சொல்லி, மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.