காய்ச்சலும் மிச்சக் குளிசையும்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம், சென்னை என்று போய்வரும் குடும்பங்கள் ட்ருகனினாவில் பல. திரும்பிவந்த பின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ஊரிலிருந்து கொண்டுவந்த அன்ரிபயோட்டிக் குளிசையில் இரண்டைக் கொடுத்துப் பார்ப்பது நம்மவர் பழக்கம். வைத்தியர் கிடைக்காத போர்க்காலத்தில் நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம். ஆனால் அந்த இரண்டு குளிசைகளே நோயைக் கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிடலாம். எப்படியென்று பார்ப்போம்.

கிருமிக்குப் பெயர் வைப்பது எப்படி?

தைபோயிட் எனப்படும் நெருப்புக்காய்ச்சலில் இரத்தத்திலுள்ள கிருமிகள் மிகக் குறைவு. ஆகவே எடுத்த இரத்தத்தைப் போத்தலில் இட்டு, கிருமியை வளரவிடுவார்கள். இதற்கு ஒரு நாளோ சில நாட்களோ ஆகும். வளர்ந்த கிருமியில் சிறிதளவை உலோகத் தட்டில் பூசி, ஒருவகை அமிலக் கரைசல் விட்டு, 'மால்டி-ரொஃப்' என்னும் திணிவு நிறமாலைமானியில் வைப்பார்கள். லேசர் பட்டதும் கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்று, வெற்றிடக் குழாயினூடாகப் பறக்கும். பாரம் குறைந்தவை முந்தும்; கூடியவை பிந்தும். வந்துசேரும் நேரத்தைக் கொண்டு அவற்றின் திணிவைக் கணினி கணிக்கும். கைரேகையைப் போன்ற அந்தப் புரதக் கோலத்தை, சேமிப்பிலுள்ள கோலங்களுடன் ஒப்பிட்டு, சில நிமிடங்களில் கிருமியின் இனத்தைச் சொல்லிவிடும். முன்பு இதற்கே இன்னொரு நாள் வேண்டும்.

பெரிய புரதங்களை உடையாமல் லேசரால் பறக்கவிடலாம் என்று காட்டிய யப்பானியப் பொறியியலாளர் கொய்ச்சி தனாகா, 2002 இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எங்கே தடைப்படுகிறது?

கிருமி வளர்ந்தால்தான் இயந்திரத்துக்கு வேலை. அரைகுறையாகப் போட்ட குளிசை நோயைக் குணமாக்காது. ஆனால் போத்தலில் கிருமி வளராமல் தடுக்கலாம். அப்போது 'ஒன்றுமில்லை' என்று முடிவு வரும், காய்ச்சலோ தொடரும். எந்த மருந்து கேட்கும் என்பதை அறியவும் அதே வளர்ந்த கிருமியே தேவை. தெற்காசியத் தைபோயிட் கிருமிகள் பல, சிப்ரோஃபுளொக்சசினுக்கு இப்போது மசிவதில்லை.

நினைவில் வையுங்கள்

* பயணத்தின் பின் காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கே போனீர்கள் என்று சொல்லுங்கள். மலேரியா, டெங்கு சோதனையும் தேவைப்படலாம்.
* காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம். மிச்ச அன்ரிபயோட்டிக் வேண்டாம்.
* ஏற்கனவே கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள், பெட்டியையும் கொண்டுவாருங்கள்.
* வைத்தியர் இரத்தம் எடுத்தவுடன் மருந்து தொடங்கச் சொன்னால், முடிவுக்குக் காத்திராமல் தொடங்குங்கள்.
* மயக்கம், மூச்சுத்திணறல், எழுப்ப முடியாத நித்திரை என்றால் உடனே 000.