றப்பர் விதைப் புண்ணாக்கு: மாடு வளர்ப்போர் கவனத்திற்கு

கடன்பட்டு வாங்கிய பசுவை ஒரு வாளித் தீனியில் இழக்க வேண்டாம். றப்பர் விதையில் எண்ணெய் எடுத்து மிஞ்சும் புண்ணாக்கில் புரதச்சத்து உண்டு, நஞ்சும் உண்டு. மரவள்ளியில் இருக்கும் அதே லினமரின்தான். விதை நசுங்கி ஈரம் பட்டால் அதிலிருந்து சயனைட் வாயு பிறக்கும். மாட்டுக்கு மூச்சு வாங்கும், நடுங்கும், விழுந்துவிடும். மிருக வைத்தியர் வருமுன்னே முடிந்துவிடும்.

மரவள்ளியை நம் பெண்கள் மூடாமல் அவிக்கிறார்களே, ஏன்? இந்த வாயு 26 பாகை சூட்டிலேயே ஆவியாகிவிடும். புண்ணாக்குக்கும் அதே வழிதான். தூளாக்கி, ஒரு நாள் ஊறவைத்து, லயத்துக்கு வெளியே திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். ஆவியில் முகத்தை நீட்டாதீங்க. தண்ணீரை ஆடுமாடு குடிக்காத இடத்தில் ஊற்றுங்கள். வெயிலில் காயப்போடுவது மட்டும் போதாது. அவித்ததையும் வேறு தீனியோடு கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதை முதலில் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.