வலீ – ஒலி: காஞ்சிபுரத்து ஊர்ப்பெயர் ஒன்றில் அரபு ஆண்பெயரின் தமிழ் வடிவம்

ஆய்வுச் சுருக்கம்

காஞ்சிபுரம் நகரின் ஒரு பகுதி ஒலிமுகமதுபேட்டை என வழங்கப்படுகிறது. இப்பெயரின் முதற்கூறாகிய ‘ஒலி’ ஓசையைக் குறிக்கும் தமிழ்ச்சொல் அன்று. ‘வலீ’ என்னும் அரபுச் சொல் தமிழ் மொழிமுதல் மரபுக்கு இயைந்து திரிந்த வடிவம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அச்சொல்லின் பொருள், ஆட்பெயராக அதன் வரலாறு, தமிழில் அது அருகி வழங்குவதற்கான காரணம், அதன் ஒலித்திரிபு உணர்த்தும் மொழித்தொடர்பு வரலாறு ஆகியன முறையே ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, ஆட்பெயர், அரபுக் கடன்சொல், மொழிமுதல் எழுத்து, காஞ்சிபுரம்

முன்னுரை

பல்லவர் தலைநகராகவும் கோயில் நகராகவும் பட்டு நெசவின் நிலைக்களமாகவும் அறியப்படும் காஞ்சிபுரத்தின் உட்பகுதிப் பெயர்கள் பல்வேறு காலங்களின் பதிவுகளாகும். பெரிய காஞ்சிபுரம், சின்னக் காஞ்சிபுரம் என்னும் பகுப்பு, நெசவாளர் செறிந்து வாழும் பிள்ளையார்பாளையம், செவிலிமேடு முதலிய பெயர்கள் தமிழாய்வாளர் நன்கறிந்தவை. இவற்றின் நடுவே அமைந்த ஒலிமுகமதுபேட்டை என்னும் பெயர் போதிய கவனம் பெறவில்லை. முகமது என்பது வெளிப்படை. பேட்டை என்பதும் வெளிப்படை. ‘ஒலி’ என்பதே விளக்கம் வேண்டி நிற்பது. இதனை ஓசை என்று கொள்வது பெயரின் அமைப்போடு பொருந்தாது. ‘அலி’ என்பதன் திரிபு என்று கொள்வதற்கும் ஒலியியற் காரணம் இல்லை. அலி என்னும் பெயர் தமிழில் முகமது அலி, அலியார் என அகர முதலாகவே நிலைபெற்றுள்ளது. அகரம் ஒகரமாவதற்குரிய இதழொலி எதுவும் அதில் இல்லை. எனவே வேறொரு மூலத்தைத் தேட வேண்டியுள்ளது.

சொற்பொருளும் வேரும்

வலீ என்னும் சொல் வாவ், லாம், யா ஆகிய மூன்று எழுத்துகளாலான அரபு வேரிலிருந்து தோன்றியது. அவ்வேரின் அடிப்படைப் பொருள் அண்மை, அடுத்திருத்தல் என்பதாகும். அடுத்திருப்பவன் துணைவன், துணைவன் காப்பவன், காப்பவன் பொறுப்பும் அதிகாரமும் உடையவன் எனப் பொருள் விரிந்தது. இதனால் வலீ என்பது நண்பர், காப்பாளர், பொறுப்பாளர், இறைவனுக்கு அணுக்கமானவர் ஆகிய பொருள்களைப் பெற்றது. இறைநேசர்களைக் குறிக்கும் பன்மை வடிவம் குர்ஆனின் 10ஆம் அத்தியாயம் 62ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாகவும் அல்வலீ எண்ணப்படுகிறது. இஸ்லாமியத் திருமண முறையில் மணமகளின் காப்பாளரும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறார்.

இவ்வேரின் கிளைகள் பல தமிழில் வழங்குகின்றன. மௌலவி, மௌலானா ஆகியன இவ்வேரைச் சார்ந்தவை. பள்ளிவாசல், வக்பு ஆகியவற்றின் பொறுப்பாளரைக் குறிக்கும் ‘முதவல்லீ’ தமிழில் முத்தவல்லி ஆயிற்று. முத்து, வல்லி என்னும் தமிழ்ச் சொற்களின் சாயலை அது பெற்றிருப்பது நோக்கத்தக்கது. வலீ என்பதன் பன்மையாகிய அவுலியா, ஒருவரையே குறிக்கும் மதிப்புப் பன்மையாகவும் வழங்கும். தில்லி நிஜாமுதீன் அவுலியா (1238–1325), திப்பு சுல்தானின் பெயருக்குக் காரணரான ஆர்க்காட்டுத் திப்பு மஸ்தான் அவுலியா ஆகியோரின் பெயர்களில் இதனைக் காணலாம்.

வடிவ ஒற்றுமையால் மயங்கத்தக்க பெயர்களைப் பிரித்தறிதல் வேண்டும். வலீது என்பது பிறப்பைக் குறிக்கும் வேறொரு அரபு வேரிலிருந்து வந்தது. வாலாஜா என்பது உயர்நிலையுடையவர் எனப் பொருள்படும் பாரசீகத் தொடர். இவ்விரண்டும் வலீயோடு தொடர்புடையன அல்ல.

ஆட்பெயராக வலீ

இந்தியத் துணைக்கண்டத்தில் வலீ முகமது என்னும் இணைப்பெயர் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. தக்காணத்தைச் சேர்ந்த உருதுக் கவிஞர் வலீ (1667–1707) இப்பெயரினர். ஆக்ராவைச் சார்ந்த கவிஞர் நஜீர் அக்பராபாதியின் (1735–1830) இயற்பெயரும் வலீ முகமது என்பதே. தில்லி அறிஞர் ஷா வலீயுல்லா (1703–1762) பெயரில் அது இறைவன் பெயரோடு இணைந்து ‘இறைவனின் நேசர்’ எனப் பொருள் தருகிறது. எனவே ஒலிமுகமது என்பதில் காணும் இணைப்பு தனித்து நிற்பதன்று. பரவலாக அறியப்பட்ட பெயரமைப்பைச் சார்ந்தது.

ஆயினும் தமிழ் முஸ்லிம்களிடையே இப்பெயர் அருகியே வழங்குகிறது. வலீ என மதிக்கப்பட்ட பெரியோரின் பெயர்கள் தமிழகத்தில் பெருவழக்காயின. முகையதீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரிலிருந்து முகைதீன், மைதீன், காதர் ஆகியன கிளைத்தன. நாகூர் சாகுல் அமீதின் பெயர் சாகுல் எனவும் அமீது எனவும் பிரிந்து வழங்குகிறது. பெரியோரின் பெயர் பரவ, அவர்தம் நிலையைச் சுட்டும் சொல் பரவாமைக்கு இரு காரணங்களைக் கருதலாம். முதலாவது, வலீ என்பது அடையப்பெறும் ஆன்மிக நிலையின் பெயர். பெரியவர் ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு இடுவது மரபைத் தொடர்தலாகும், அவரது நிலையையே பெயராக இடுவது அவ்வாறன்று. இரண்டாவது, தமிழில் ‘வலி’ என்பது பழைய வழக்கில் வலிமையையும் இக்கால வழக்கில் நோவையும் குறிப்பது. நோவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தொலிக்கும் பெயர் தனிப்பெயராகப் பரவுவது எளிதன்று. வலியுல்லா, ஒலியுல்லா, முகமது வலி எனக் கூட்டுப்பெயராகவே அது பெரிதும் வருவதை இதனோடு இணைத்துக் காணலாம்.

வகரம் ஒகரமான முறை

வலீ ‘ஒலி’ ஆனதற்கு இரு வழிகளைக் கருத இடமுண்டு. அவுலியா என்னும் பன்மை ‘ஒலியா’ எனச் சுருங்கி ‘ஒலி’ ஆயிற்று என்பது ஒன்று. ஒருமையாகிய வலீயே நேராகத் திரிந்தது என்பது மற்றொன்று. பின்னதற்கே சான்று வலிது. ஒலியுல்லா என்னும் தொடரில் இறைவன் பெயருக்கு முன் நிற்பது அரபு ஒருமை வடிவமாகும். அதற்குப் பன்மை மூலம் கொள்ளின் இடையிலுள்ள நெடில் முற்றும் மறைந்தமைக்கு விளக்கம் கிடைக்காது. ஒலிமார்கள் எனத் தமிழ்ப் பன்மை விகுதி ஏற்பதும் பேசுவோர் அதனை ஒருமையாகவே கொண்டமையைக் காட்டுகிறது.

திரிபின் காரணம் தமிழ் மொழிமுதல் மரபில் உள்ளது. அரபு வாவ் ஈரிதழும் குவிந்து பிறப்பது. தமிழ் வகரமோ மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. அரபு ஒலியை உள்ளவாறு உச்சரிக்க முயலும்போது இதழ்க்குவிவு அடுத்த உயிரைச் சார்ந்து, குற்றகரம் ஒகரச் சாயல் பெறுகிறது. ‘வலீ’ ‘வொலி’ என ஒலிக்கிறது. ஆனால் உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கு உயிர்களோடு கூடிய வகரம் சொல்லின் முதலில் வாராது என்பது தொல்காப்பிய மொழிமரபின் விதி. எனவே வகரம் கெட, ஒகரம் மட்டும் எஞ்சி ‘ஒலி’ ஆகிறது. இடைநிலை வடிவமாகிய ‘வொலி’ வெறும் ஊகமன்று. 1951ஆம் ஆண்டின் இலங்கை முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றிய தமிழ் எழுத்துகளில் மணமகளின் காப்பாளரைக் குறிக்க அவ்வடிவமே வழங்குகிறது.

இவ்விதி பழைய இலக்கணத்தில் உறைந்துவிட்ட ஒன்றன்று. ஆங்கில வழியாக வந்த வாக்குச்சீட்டுச் சொல் ‘வோட்டு’ என நில்லாது ஓட்டு ஆனதும், கம்பளி நூலின் பெயர் உல்லன் ஆனதும் அதே விதியின் செயற்பாடுகளே. முத்தவல்லி என்பதில் வகரம் கெடாமைக்கும் இதுவே காரணம். அங்கு வகரம் மொழிமுதலில் இல்லை.

இருவழிக் கடன்

அரபு வகரம் எல்லா இடத்தும் கெடவில்லை என்பது இங்கு எழும் தடை. வக்கீல், வசூல் ஆகியன வகரத்தோடே நிற்கின்றன. இவை ஆட்சி, நீதி, வரி ஆகிய துறைகளுக்குரியன. பாரசீகம், உருது வழியாக வந்தவை. அம்மொழிகளின் வகரம் தமிழ் வகரத்தை ஒட்டியது. தொழுகைக்கு முன் உறுப்புகளைத் தூய்மை செய்வதைக் குறிக்கும் சொல்லோ தமிழ் முஸ்லிம்களிடையே உளு, ஒளு என வழங்குகிறது. வசூல், உளு ஆகிய இரண்டின் அரபு மூலங்களும் இதழ்க்குவிவுடைய உகர வகரத்தையே முதலாக உடையன. ஒன்று அவை வழியாக வந்து வகரம் காத்தது. மற்றொன்று மறைக்கல்வி வழியாக வந்து வகரம் இழந்தது.

இப்பாகுபாட்டை மற்றோர் எழுத்தும் உறுதிப்படுத்துகிறது. ளாது என்னும் அரபு எழுத்து பாரசீகத்திலும் உருதுவிலும் ஜகரத்தை ஒட்டி ஒலிக்கும். தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் அது ளகரமாகவோ ழகரமாகவோ அமையும். ரம்ஜான், காஜி ஆகியன முதல் வழியையும், ரமளான், காழி ஆகியன இரண்டாம் வழியையும் சார்ந்தவை. ஒலி என்னும் வடிவம் உளு, ரமளான், காழி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது.

காஞ்சிபுரச் சான்றின் தகுதி

ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காஞ்சிபுரம், 1763இல் செங்கற்பட்டு ஜாகீரின் பகுதியாகக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வழங்கப்பட்டது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அண்மையிலுள்ள பள்ளிவாசல் நவாபுகள் காலத்தைச் சேர்ந்தது. வாலாஜாபாத், வாலாஜாபேட்டை ஆகிய ஊர்கள் நவாப் முகமது அலி வாலாஜாவின் (ஆட்சி 1749–1795) பட்டத்தைத் தாங்குகின்றன. அவ்விரு பெயர்களிலும் பாரசீக வடிவம் ஏறக்குறைய அவ்வாறே நிற்கிறது. நெடில் ஆகாரம் ஒகரமாகத் திரிய இடந்தராமை ஒருபுறமிருக்க, அவை ஆள்வோரின் பட்டத்திலிருந்து எழுந்த பெயர்கள்.

ஒலிமுகமதுபேட்டையின் நிலை வேறு. ‘வலீ’ ஒலி ஆயிற்று. ‘முஹம்மத்’ என்பதன் ஹகரம், உயிரிடை நின்று மென்மையாக ஒலிக்கும் தமிழ்க் ககரமாயிற்று. இரட்டித்த மகரம் ஒற்றையாயிற்று. ஈற்றில் உகரம் சேர்ந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இணைச்சொல் உடைய ‘பேட்டை’ இறுதியில் நின்றது. அரசவை மொழி பாரசீகமாக இருந்த நிலப்பரப்பில் தமிழ் பேசுவோரின் நாவே இப்பெயரை வடிவமைத்தது என்பதற்கு இத்திரிபுகள் அனைத்தும் சான்று.

முடிவுரை

ஒலிமுகமதுபேட்டை என்பதில் உள்ள ஒலி, இறைநேசர் எனப் பொருள்படும் வலீயின் தமிழ் வடிவமே. தனிப்பெயராக அருகிய அச்சொல் ஊர்ப்பெயரில் நிலைத்துள்ளது. இம்முடிவு ஊர்ப்பெயர் எழுதும் முறைக்கும் பயன்படும். 2020இல் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து முறையைத் தமிழ் உச்சரிப்புக்கு இயைய மாற்ற ஆணையிட்டுப் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றது. அத்தகைய முயற்சி மீண்டும் எழும்போது, ஒலி என்பதை ஓசை எனப் பொருள் கொள்வது பெயரின் வரலாற்றை மறைக்கும்; அரபு மூலத்துக்கு இயைய ‘வலீ’ எனத் திருத்துவதோ அப்பெயரில் தமிழ் பதித்த தடத்தை அழிக்கும். இன்று வழங்கும் வடிவத்தை அவ்வாறே காத்து, அதன் பொருளைப் பதிவு செய்வதே இரண்டையும் தவிர்க்கும் வழியாகும்.