பீங்கான் பல் முறுக்கைத் தாங்குமா?

கேள்வி: பல் டாக்டர் ஜிர்கோனியா கேப் போடச் சொல்கிறார். அதுவும் பீங்கான் வகைதானாமே! கை தவறினால் டீ கப் சுக்குநூறாகிறது. முறுக்கு கடித்தால் இது என்னாகும்?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். ஸ்டீல் டம்ளர் கீழே விழுந்தால் நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும். பீங்கானுக்கு நெளியத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். விசையெல்லாம் அதன் முனையில் குவிந்து, மறுகோடி வரை பிளந்துவிடும்.

ஜிர்கோனியா வித்தை காட்டுவது இங்கேதான். அதோடு கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்து சுடுகிறார்கள். சூளை வெப்பத்தில் அமைந்த படிக வடிவம், ஆறிய பிறகும் அப்படியே நின்றுவிடுகிறது. விரிசல் நெருங்கினால், அதன் முனையிலுள்ள துகள்கள் சட்டென்று வேறு படிக வடிவத்துக்குத் தாவும். அப்போது அவற்றின் பருமன் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். மழையில் ஊறிய மரக்கதவு நிலைக்குள் இறுகிக்கொள்கிறதல்லவா? அதுபோல, உப்பிய துகள்கள் விரிசலை இருபுறமும் நெருக்கி, மேலே ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

1975-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பே ‘பீங்கான் எஃகா?’ என்பதுதான்!

அதற்காக, நிஜ எஃகு அளவுக்கு அடி தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முறுக்கைத் தாராளமாகக் கடியுங்கள். கொட்டைப் பாக்கை மட்டும் பாக்குவெட்டியிடமே விட்டுவிடுங்கள்.